விற்காத சரக்கு யார் தலையில்?

புதிதாக ஒரு பொருளைச் செய்தவர் அதைக் கடையில் வைக்கச் சொல்லிக் கேட்கும்போது கடைக்காரர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது விற்குமா என்பது ஒன்று. விற்காவிட்டால் நஷ்டம் யாருக்கு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எந்தக் காலத்திலும் யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. அதனால் பேரம் பெரும்பாலும் இரண்டாவதைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. மாதிரிப் பெட்டி தூக்கிய பயண விற்பனையாளர் முதல் இன்றைய இணையக் கடை வரை, புதுப் பொருள் விற்பனைக்கு வந்த வழியின் வரலாறு இந்த நஷ்டம் கைமாறிய வரலாறாகவும் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையரில் பீங்கான் சாமான் செய்த ஜோசையா வெட்ஜ்வுட், நஷ்டம் முழுவதையும் தானே ஏற்றுக்கொள்ளத் துணிந்தவர். 1771-ல் ஜெர்மானியப் பிரபுக்கள் பலருக்கு, அவர்கள் கேட்காமலேயே, ஒவ்வொன்றும் சுமார் 20 பவுண்டு மதிப்புள்ள பொட்டலங்களை அனுப்பினார். பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம், இல்லாவிட்டால் சரக்கைத் திருப்பிவிடலாம். பெரும்பாலோர் பணம் அனுப்பினார்கள். கையில் பெரிய மூலதனமும், அரசி சார்லட்டின் ஆதரவு தந்த பெயரும் இருந்ததால் அவருக்கு இது கட்டுப்படியானது. சின்ன உற்பத்தியாளர் எவரும் நினைத்துப் பார்க்கக்கூடிய வழி இல்லை அது.

அமெரிக்காவில் ரயில் பரவும்வரை உள்நாட்டு ஊர்க் கடைக்காரர்கள் ஆண்டுக்கு ஓரிரு முறை நியூயார்க்குக்கோ பிலடெல்பியாவுக்கோ போய்ச் சரக்கெடுத்து வந்தார்கள். ரயில் வந்தபின் மொத்த வியாபாரியின் ஆள் ஊர் ஊராக வரத் தொடங்கினார். 'டிரம்மர்' என்று அழைக்கப்பட்ட இவர்களுடன் கனத்த மாதிரிப் பெட்டிகள் பயணம் செய்தன. ரயில் நிலையத்தை ஒட்டிய ஓட்டல்கள் இவர்களுக்கென்றே நீண்ட மேசை போட்ட மாதிரி அறைகளை ஒதுக்கி வைத்தன. கடைக்காரர் அங்கே வந்து துணியைத் தடவிப் பார்த்து, கத்தியைக் கூர் பார்த்து, ஆர்டர் கொடுத்துப் போவார். சரக்கு பின்னால் வரும். பணம் அதற்கும் பின்னால், பெரும்பாலும் அறுவடை முடிந்து ஊரில் கடன் வசூலான பிறகு, போகும். ஓட்டல் அறைகளில் பைபிள் வைக்கும் கிதியோன் சங்கம்கூட இந்தப் பயண விற்பனையாளர்கள் 1899-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் கூடித் தொடங்கியதுதான்.

வெளியூர் ஆள் வந்து ஆர்டர் பிடித்துப் போவது உள்ளூர் வியாபாரிகளுக்கு எரிச்சலூட்டியது. பல நகரங்களும் மாநிலங்களும் டிரம்மர்கள்மீது உரிமக் கட்டணம் விதித்தன. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸில் வாரத்துக்கு 10 டாலர், மாதத்துக்கு 25 டாலர். இதைக் கட்ட மறுத்த, சின்சினாட்டியிலிருந்து வந்த எழுதுபொருள் விற்பனையாளர் ஒருவரின் வழக்கில் 1887-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தின்மேல் இப்படி வரி போட முடியாது என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதையும் ஒரே சந்தையாகக் கருதி வியாபாரம் செய்ய வழிவிட்ட தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் டிரம்மர் தூக்கி வந்தது மொத்த வியாபாரி தேர்ந்தெடுத்த சரக்கை. ஒரே ஒரு புதுப் பொருளைச் செய்து வைத்திருந்தவர் முதலில் அந்த மொத்த வியாபாரியைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது.

தபால் வழி வியாபாரம் இந்த அடுக்கை உடைத்தது. அதைத் தொடங்கியவர் ஆரோன் மாண்ட்கோமரி வார்ட், தாமே பயண விற்பனையாளராக இருந்தவர். ஊர்க் கடையின் விலைமீது விவசாயிகளுக்கு இருந்த கசப்பை நேரில் பார்த்திருந்தார். 1872-ல் சிகாகோவில் 163 பொருள்கள் கொண்ட ஒற்றைத் தாள் பட்டியலோடு கடை திறந்தார். திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்ற அவரது உறுதிமொழி 1875-ல் வந்தது. கண்ணால் பார்க்காத பொருளை வாங்க வைக்க வேறு வழி இல்லை. அந்த உறுதிமொழியின் பாரத்தில் ஒரு பகுதி காலப்போக்கில் பொருளைக் கொடுத்தவர் தோளுக்கு நகர்ந்தது.

தபால் வழி வியாபாரத்தின் இன்னொரு பெரும் பெயரான ரிச்சர்ட் சியர்ஸின் கதை விற்காத சரக்கிலிருந்தே தொடங்குகிறது. 1886-ல் அவர் மினசோட்டாவில் நார்த் ரெட்வுட் என்ற சிற்றூரின் ரயில் நிலைய அலுவலர். சிகாகோ நிறுவனம் ஒன்று அப்பகுதி நகைக்கடைக்காரருக்குப் பாக்கெட் கடிகாரங்கள் அடங்கிய பெட்டியை அனுப்பியிருந்தது. அவர் வாங்க மறுத்துவிட்டார். நிலையத்தில் கிடந்த சரக்கை சியர்ஸ் ஒவ்வொன்றும் 12 டாலர் என்று எடுத்து, ரயில் பாதை நெடுகிலும் இருந்த சக அலுவலர்களுக்கு 14 டாலருக்குத் தள்ளினார். அதற்குமேல் எவ்வளவு வைத்து விற்றாலும் அது அவர்கள் லாபம். கடிகாரம் சரியான விலைக்குச் சரியான ஆட்களிடம் போனதும் விற்றது. அதை மறுத்த நகைக்கடைக்காரர் தம் ஊர் வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை தவறாகக் கணிக்கவில்லை என்றே சொல்லலாம்.

சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1893-ல் அந்தப் பெயரைப் பெற்றது. பொருள் கையில் இருக்கிறதா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் விளம்பரம் எழுதுவது சியர்ஸின் பழக்கம். ஆர்டர் குவிந்தபின் உற்பத்தியாளரைத் தேடி ஓடுவார். அப்படி அவருக்கு ஆடைகள் கொடுத்து வந்தவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். அவருடைய மைத்துனர் ஆரோன் நஸ்பாம் ஒரு நாள் சியர்ஸிடம் போனது காற்றழுத்தத்தால் காகிதங்களை அறைக்கு அறை அனுப்பும் குழாய் அமைப்பை விற்பதற்காக. குழாய் வியாபாரம் எப்படிப் போனதோ, பேச்சு முடிவில் நிறுவனத்தின் பங்கையே வாங்கும் யோசனையோடு வெளியே வந்தார். 1895-ல் மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து 75,000 டாலருக்குப் பாதிப் பங்கை எடுத்துக்கொண்டார்கள். புதுப் பொருளைச் சொல்லி விற்கப் போன சந்திப்புகளில் இவ்வளவு லாபகரமாக முடிந்தது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

ரோசன்வால்ட் வந்தபின் ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு சரக்குப் பிரிவுக்கும் கொள்முதல் அதிகாரி ஒருவர். அவருக்குப் பட்டியலில் இவ்வளவு பக்கம் என்று அளவு. புதுப் பொருளை உள்ளே விட வேண்டுமென்றால் பழையது ஒன்று இடம் விட வேண்டும். 1911-ல் பொருள்களைச் சோதிக்க ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. கிராமங்களுக்கு வீடு தேடிக் கடிதம் கொண்டுவரும் இலவச அஞ்சல் சேவை 1896-ல் வந்திருந்தது. 1913 ஜனவரி முதல் அஞ்சல் துறை பெரிய பார்சல்களையும் சுமந்தது. பட்டியலில் கால் பக்கம் கிடைத்தால் நாடு முழுவதும் கடை திறந்த மாதிரி. கிடைக்காதவருக்குக் கதவு முழுவதும் அடைபட்டது.

கிடைத்தவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. மிச்சிகனில் 1911-ல் தொடங்கிய அப்டன் நிறுவனத்தின் துணி துவைக்கும் இயந்திரங்களை 1916 முதல் சியர்ஸ் விற்றது. அவை பின்னர் சியர்ஸின் சொந்தப் பெயரான கென்மோர் என்ற பெயரில் போயின. வாங்கும் குடும்பத்துக்குச் செய்தவர் யாரென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அப்டன் பிற்காலத்தில் வேர்ல்பூல் என்று தன் பெயரிலும் விற்கும் அளவுக்கு வளர்ந்தது. ஒரே வாங்குபவரை நம்பி ஆலை நடத்திய எல்லா உற்பத்தியாளர்களுக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை.

இந்தியாவில் தொலைதூர வியாபாரத்துக்கு முதுகெலும்பாக இருந்தது 1877-ல் தொடங்கிய வி.பி.பி. முறை. பொருளைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்து, விலையை வாங்கி, விற்றவருக்கு அனுப்பிவிடுவார். கடைக்காரரின் தயவு தேவையில்லை. பத்திரிகையில் விளம்பரம் போட்டால் போதும். மருந்து, தைலம், கடிகாரம், புத்தகம் எல்லாம் இப்படிப் போயின. எஸ்.எஸ். வாசன் 1928-ல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன் நடத்தி வந்தது தபால் வழி வியாபாரமும் விளம்பரத் தொழிலும்தான். பத்திரிகை அவருக்கு அறிமுகமானதே விளம்பரம் கொடுப்பவர் என்ற முறையில். வி.பி.பி.யில் உள்ள சங்கடம், வீட்டுக்காரர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் பார்சல் திரும்பி வரும் என்பது. போய்வந்த செலவு விற்றவருடையது.

கடைக்காரரை நேராகக் கெஞ்சாமல், வாடிக்கையாளரைக் கொண்டே கேட்க வைப்பது இன்னொரு வழி. 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் செய்யத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். தலைவலி போனவர்கள் மறுநாள் கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். கடலூரில் ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்ற முன்னோடி சின்னி கிருஷ்ணனின் மகன் சி.கே. ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கியபோது கடைப்பிடித்ததும் இதே தந்திரத்தின் இன்னொரு வடிவம். எந்த நிறுவனத்தின் காலிப் பொட்டலமானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, ஐந்தும் சிக் பொட்டலமாகவே இருக்க வேண்டும் என்று விதி மாறியது. அதற்குள் பெட்டிக்கடைக் கயிற்றில் சிக் சரம் தொங்கத் தொடங்கியிருந்தது.

சூப்பர்மார்க்கெட் பெருகியபின் மேலை நாடுகளில் பேரம் இன்னும் கடுமையானது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோவின் டிராய் நகரில் ஒரு பாக்கெட் ரிக்லி சூயிங்கம்மின் பார்கோடை முதன்முதலாகக் கல்லாவில் படித்தார்கள். அதுவரை எந்தப் பொருள் எந்த வாரம் எத்தனை விற்றது என்று கடையைவிட உற்பத்தியாளரே நன்றாக அறிந்திருந்தார். இனி கடை அறிந்தது. 1980-களில் புதுப் பொருளை அலமாரியில் ஏற்றுவதற்கே முன்பணம் கேட்கும் வழக்கம் அமெரிக்க மளிகை வணிகத்தில் பரவியது. விற்காது போனால் தனக்கு ஏற்படும் நஷ்டத்தைக் கடை முன்கூட்டியே வசூலித்துவிடும் ஏற்பாடு இது. பெரிய நிறுவனங்கள் கொடுத்துவிட்டுப் போயின. சிறியவை வெளியே நின்றன. வால்மார்ட் அப்படி முன்பணம் கேட்பதைத் தவிர்த்து, விலையைக் குறைக்கும்படி நெருக்கியது. அதன் தலைமையகம் உள்ள ஆர்க்கன்ஸாஸின் பென்டன்வில்லைச் சுற்றி, அதற்குச் சரக்குக் கொடுக்கும் நிறுவனங்களின் அலுவலகங்களாலேயே ஒரு வணிக வட்டாரம் எழுந்தது. 2014 முதல் அந்நிறுவனம் ஆண்டுதோறும் 'ஓப்பன் கால்' என்ற பெயரில், அமெரிக்காவில் தயாராகும் பொருள்களோடு வருபவர்களைக் கொள்முதல் அதிகாரிகள் முன் நேரில் பேச விடுகிறது.

தொலைக்காட்சிக் கடை ஒரு விபத்தில் பிறந்தது. புளோரிடாவின் கிளியர்வாட்டர் பகுதி வானொலி நிலையம் ஒன்றுக்கு 1977-ல் விளம்பரதாரர் ஒருவர் பணம் கொடுக்க முடியாமல், 112 மின்சார டப்பா திறப்பான்களைக் கொடுத்துக் கணக்கு முடித்தார். அறிவிப்பாளர் ஒலிபரப்பிலேயே அவற்றை விற்றுத் தீர்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க். இதற்குப் போட்டியாக 1986-ல் க்யூ.வி.சி. தொடங்கியது. பட்டியல் பக்கத்துக்குப் பதிலாக இங்கே இடம் நிமிடக் கணக்கில் அளக்கப்பட்டது. ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு விற்றது என்பதே பொருளின் விதி.

நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த ஜாய் மாங்கானோ, கை நனையாமல் பிழியக்கூடிய தரை துடைப்பானை 1990-ல் உருவாக்கினார். 1992-ல் க்யூ.வி.சி. அவரிடமிருந்து 1,000 துடைப்பான்களை, விற்ற பிறகு பணம் என்ற பேச்சில் எடுத்துக்கொண்டது. நிகழ்ச்சியாளர் காட்டியபோது சரியாக விற்கவில்லை. தானே திரையில் தோன்றிக் காட்டுவதாக மாங்கானோ கேட்டு வாங்கினார். அரை மணி நேரத்துக்குள் 18,000 விற்றன. வீட்டில் தரை துடைத்த அனுபவமுள்ளவர் பேசியது காரணமாக இருக்கலாம். அதற்குப் பின் பொருளைச் செய்தவரையே திரையில் நிறுத்துவது அத்தொழிலின் வழக்கமாயிற்று. 1995-ல் க்யூ.வி.சி. 50 மாநிலங்களுக்கும் தன் வண்டியை அனுப்பி உள்ளூர்த் தயாரிப்புகளைத் தேடியது. விற்றவருக்குப் பிரபலம் கிடைத்தது; ஆயிரக்கணக்கில் தயாரித்து முன்னதாகவே கிடங்குக்கு அனுப்பி, மிஞ்சியதைத் திரும்பப் பெறும் பாரமும் அவருடையதாகவே இருந்தது.

1995 ஜூலையில் திறந்த அமேசான் புத்தகத்தில் தொடங்கியதற்குக் காரணங்கள் பல. விற்காத பிரதியைப் பதிப்பகத்துக்கே திருப்பிவிடலாம் என்ற வழக்கம் அமெரிக்கப் புத்தக வணிகத்தில் 1930-களின் பொருளாதார மந்தத்திலிருந்தே ஊன்றியிருந்தது அவற்றுள் வசதியான ஒன்று. முதலில் அமேசான் பெரும்பாலான புத்தகங்களைக் கையிருப்பில் வைக்கவே இல்லை. ஆர்டர் வந்தபின் மொத்த விநியோகஸ்தரிடம் எடுத்தது. விநியோகஸ்தர் கவனிக்காத சிறு பதிப்பாளர்களுக்காக 1998-ல் 'அட்வான்டேஜ்' திட்டம் வந்தது. அட்டை விலையில் 55 சதவீதம் அமேசானுக்கு, சில பிரதிகளைப் பதிப்பாளர் தம் செலவில் கிடங்குக்கு அனுப்ப வேண்டும், விற்றால் பணம். நிபந்தனை கடுமைதான். ஆனால் கொள்முதல் அதிகாரியின் முன்னறையில் காத்திருக்காமல் படிவம் நிரப்பிக் கடைக்குள் போக முடிந்தது.

அலமாரிக்கு எல்லையில்லாத கடையில் முன்பணத்துக்கு வேலை இருக்காது என்று தோன்றும். அந்த எண்ணம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. பதிப்பகங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அமேசான் சில புத்தகங்களை முகப்பில் நிறுத்துகிறது என்று 1999 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அமேசான் அதை வெளிப்படையாக அறிவிக்க ஒப்புக்கொண்டது. இடம் எல்லையற்றதாக இருந்தாலும் வாசகர் கண் படும் இடம் குறுகியதே.

பெரிய திருப்பம் 2000 நவம்பரில் வந்த 'மார்க்கெட்பிளேஸ்'. அமேசான் விற்கும் அதே பக்கத்தில் வெளியாளும் தம் சரக்கைப் போடலாம். கடையைச் சம்மதிக்க வைக்க வேண்டிய கட்டமே மறைந்தது போலிருந்தது. 1999-ல் அமேசான் வழி நடந்த பொருள் விற்பனையில் வெளி விற்பனையாளர் பங்கு 3 சதவீதம். 2018-ல் அது 58 சதவீதம் என்று அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதினார். அமேசான் தானே மொத்தமாக வாங்கும் வழி அழைப்புப் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் தொடர்ந்தது. மற்றவர்கள் தாமே விலை வைத்து, தாமே சரக்கு வைத்து, தரகும் கிடங்கு வாடகையும் கட்டினார்கள். 2006-ல் அமேசான் கிடங்கிலேயே சரக்கை வைத்து அனுப்பும் சேவை வந்ததும், தேங்கிய சரக்கு ஒவ்வொரு மாதமும் வாடகை தின்னத் தொடங்கியது. நஷ்டம் முழுவதும் செய்தவர் பக்கம் வந்து சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான்.

சம்மதிக்க வைக்கும் வேலை மறையவில்லை, ஆள் மாறியது. கொள்முதல் அதிகாரியின் இடத்தில் தேடல் வரிசையை அடுக்கும் கணினி நிரலும், நட்சத்திரம் போடும் வாடிக்கையாளரும் வந்தார்கள். தலைப்பில் எந்தச் சொல் முதலில் வர வேண்டும், முதல் படம் வெள்ளைப் பின்னணியில் இருக்கிறதா, முதல் விமர்சனங்கள் எப்போது வரும் என்பனவே இப்போது கவலை. 2007-ல் தொடங்கிய 'வைன்' திட்டம் தேர்ந்தெடுத்த விமர்சகர்களுக்குப் பொருளை இலவசமாக அனுப்ப வழி செய்தது. கச்சேரியில் தைலம் கொடுத்ததற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு அதிகமில்லை. கென்மோர் கதையும் திரும்பியது. 2009-ல் அமேசான் தன் பெயரிலேயே சரக்கைக் கொண்டுவந்தது. வெளி விற்பனையாளர்களின் விற்பனை விவரங்களை அதன் ஊழியர்கள் சொந்தச் சரக்குக்காகப் பார்த்தார்கள் என்று 2020-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி வெளியிட்டது. அப்படிச் செய்யமாட்டோம் என்று 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் அமேசான் உறுதி கொடுத்தது.

இந்தியாவில் இதே கதை வேறு விதியின்கீழ் நடந்தது. பிளிப்கார்ட் 2007-ல் புத்தகத்தோடு தொடங்கி, 2010-ல் பொருள் வந்தபின் பணம் என்ற முறையைக் கொண்டுவந்தது. வி.பி.பி.யின் பேரன் இது. மறுக்கப்பட்ட பார்சல் திரும்பி வரும் பழைய சங்கடமும் கூடவே வந்தது. இணைய விற்பனையாளர்கள் அதை ஆர்.டி.ஓ. (புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல்) என்று சொல்லிப் புலம்புவார்கள். 2013 ஜூனில் அமேசான் இந்தியாவில் திறந்தபோது வெளிநாட்டு முதலீட்டு விதிகளால் தானே சரக்கு வாங்கி விற்க முடியவில்லை. அதனால் விற்பவர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கடைவீதிகளுக்கு மூன்று சக்கரத் தேநீர் வண்டியை அனுப்பி, வியாபாரிகளுக்கு டீ கொடுத்து, எப்படிப் பதிவு செய்வது என்று விளக்கியது. கடைதான் உற்பத்தியாளரிடம் வந்து தன்னை விற்றது.

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு அறிவிப்பும், 2018 டிசம்பரில் வந்து 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பும் இந்த எல்லையை இறுக்கின. அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தை சரக்கைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. விற்காத சரக்கு யாருடையது என்ற கேள்விக்கு இங்கே சட்டமே பதில் சொல்லிவிட்டது. சிறு தயாரிப்பாளருக்கு இன்னொரு தடை இருந்தது: 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து, விற்றுவரவு எவ்வளவு குறைவானாலும் இணையச் சந்தையில் பொருள் விற்பவர் பதிவு செய்தாக வேண்டும். சொந்த மாநிலத்துக்குள் விற்கும் சிறியவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்ந்தது.

பத்து நிமிட விநியோகம் வந்தபின் காட்சி மீண்டும் மாறியிருக்கிறது. இன்ஸ்டாமார்ட் 2020-லும், செப்டோ 2021-லும் வந்தன. குரோஃபர்ஸ் 2021 டிசம்பரில் பிளிங்கிட் ஆனது. இவற்றின் சரக்குக் கிடங்குகள் தெருமுனைக் கட்டடங்கள். ஓர் அளவுக்குமேல் அங்கே பொருள்களுக்கு இடமில்லை. எல்லையற்ற அலமாரி போய், சியர்ஸின் பட்டியல் பக்கம்போல் இடம் சுருங்கியதும், பிரிவு மேலாளர் என்ற பெயரில் கொள்முதல் அதிகாரி திரும்பி வந்துவிட்டார். மார்ஜின் எத்தனை, எத்தனை ஊருக்குக் கொடுக்க முடியும், ஆப்பில் விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள், காலாவதியானால் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்கிறார். உணவுப் பொருளுக்குக் கணக்கு இன்னும் நெருக்கம். வாடிக்கையாளர் கையில் சேரும்போது பயன்பாட்டுக் காலத்தில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. குறுகிய ஆயுள் கொண்ட முறுக்கோ தொக்கோ செய்பவருக்குக் கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டக் கணக்கு.

பிளிங்கிட்டின் தாய் நிறுவனமான எடர்னல், வெளிநாட்டவர் பங்கை 49.5 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்த 2025 மே மாதம் பங்குதாரர் ஒப்புதல் பெற்றது. இந்தியர் உடைமையான நிறுவனம் என்ற தகுதியின்கீழ் பிளிங்கிட் தானே சரக்கை வாங்கி இருப்பு வைக்கலாம். அந்த ஏற்பாட்டில் தயாரிப்பாளர் நடுவில் இன்னொரு விற்பனையாளரைத் தேடாமல் நேராக பிளிங்கிட் பெயரிலேயே பில் போடுவார். மிஞ்சிய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதா இல்லையா என்பது அந்தக் கொள்முதல் ஒப்பந்தத்தில் தனி நிபந்தனையாகப் பேசித் தீர வேண்டியது.